பெரிய திரையா, பெரிய விலையா?

சென்ற மாதம் பிள்ளைகளின் பள்ளிச் செலவைப் பற்றி எழுதியிருந்தேன். இம்மாதம் நம் வீடுகளில் பள்ளிச் செலவையே விழுங்கிவிடக்கூடிய ஒரு பொருளைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன். அதுதான் கைப்பேசி. அதிலும் உள்ளங்கையை மறைக்கும் பெரிய திரையும், உள்ளத்தையே மறைக்கும் பெரிய விலையும் கொண்ட கைப்பேசி.

2025 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. முன்பு என்னிடம் படித்த பெண் ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். பிறை தொழிற்பேட்டையில் வேலை. செபராங் ஜெயாவில் தோழிகளுடன் வாடகை அறையில் இருக்கிறாள். "சார், அப்பாவுக்கு ஒரு நல்ல போன் வாங்கணும். நீங்க கூட வந்து பாத்துச் சொல்லணும்" என்றாள். தகப்பனார் எங்கள் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுபவர். வயது ஐம்பத்தெட்டு. நல்ல உழைப்பாளி, பேச்சு குறைவு.

கருமாரியம்மன் கோவிலில் கும்பிட்டுவிட்டு, சன்வே கார்னிவல் பேரங்காடி வாசலில் சந்தித்தோம். பிறகு அக்கம்பக்கத்துக் கைப்பேசிக் கடைகளில் ஏறி இறங்கினோம். மகள் மனத்தில் முடிவு செய்துகொண்டுதான் வந்திருந்தாள். இரண்டில் ஒன்று: அந்த ஆண்டு ஜனவரியில் அறிமுகமான சாம்சுங் கேலக்சி எஸ்25 அல்ட்ரா, அல்லது 2024 செப்டம்பரில் வந்த ஐபோன் 16 புரோ மேக்ஸ். இரண்டிற்கும் 6.9 அங்குலத் திரை. அப்போது மலேசியாவில் இரண்டின் தொடக்க விலையும் 5,999 வெள்ளி!

தகப்பனார் விலையைப் பார்த்துவிட்டு மகளைப் பார்த்தார். "எதுக்கு பாப்பா இவ்வளவு?" என்றார். அவள் என் பக்கம் திரும்பி, தணிந்த குரலில், "அப்பா காலமெல்லாம் எங்க பழைய போனைத்தான் வெச்சிருந்தாரு, சார். இப்ப எழுத்து தெரியலன்றாரு. ஒரு தடவையாவது அவருக்குப் பெருசா, உசத்தியா வாங்கிக் கொடுக்கணும். எங்கப்பாவுக்கு மட்டும் ஏன் மட்டமானது?" என்றாள்.

வாசகர்களே, இந்தக் கேள்விக்கு முன்னால் "வீண் செலவு" என்று ஒரு வார்த்தையில் உபதேசம் செய்ய எனக்கு வாய் வரவில்லை. அது ஆடம்பரம் அல்ல, பாசம். ஆனால் பாசத்திற்கும் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

முதலில் விலையை நாள்கணக்காக மாற்றினேன். 2025 பிப்ரவரி முதல் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. மாதத்திற்கு 26 நாள் வேலையென்றால் ஒரு நாள் உழைப்பு ஏறக்குறைய 65 வெள்ளி. அப்படியானால் 5,999 வெள்ளி என்பது 92 நாள் வேலை. அதாவது மூன்றரை மாதம், விடியுமுன் எழுந்து பெரட்டுக்கு நின்று, அரிவாளைத் தோளில் சுமந்து, ஒரு காசும் செலவழிக்காமல் சேர்த்தால் இந்தக் கண்ணாடிப் பலகை ஒன்று.

"கையில காசு இல்லேன்னா பரவால்ல அங்கிள், தவணை இருக்கு" என்றான் கடைத் தம்பி. தவணையைப் பற்றியும் ஒரு கணக்குச் சொல்கிறேன். ஆறாயிரம் வெள்ளிக்கு மாதம் ஒன்றரை விழுக்காடு, 24 மாதம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை என்பது கேட்பதற்குச் சிறியது. ஆனால் முழுத் தொகைக்கும் கடைசி மாதம் வரை அதே வட்டியென்றால் வட்டி மட்டும் 2,160 வெள்ளி. மொத்தம் 8,160. மாதம் 340 கட்ட வேண்டும். ஆகவே "மாதம் எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். "கடைசியில் மொத்தம் எவ்வளவு?" என்று கேளுங்கள்.

நிற்க. இப்போது அந்த அங்குலத்தைப் பார்ப்போம்.

முதல் ஐபோன் 2007இல் வந்தபோது அதன் திரை 3.5 அங்குலம். 2011இல் சாம்சுங் நிறுவனம் 5.3 அங்குலத்தில் கேலக்சி நோட் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. காதில் தட்டை வைத்துக்கொண்டு பேசுவது போல் இருக்கிறது என்று பலர் கேலி செய்தார்கள். 2014இல் ஆப்பிள் நிறுவனமே 5.5 அங்குல ஐபோன் 6 பிளஸை வெளியிட்டது. கேலி அடங்கிற்று. அன்றைய பெரியது இன்றைக்குச் சிறியதாகிவிட்டது.

ஆனால் அங்குலம் என்று கடைக்காரர் சொல்வது எதை? ஆறாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் சொல்லும்: செவ்வகத்தின் மூலைவிட்டம். ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை வரை உள்ள நீளம். செவ்வகத்தை ஒடுக்கி நீட்டினால் பரப்பளவு அவ்வளவாகக் கூடாமலே மூலைவிட்டம் கூடும். இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது.

2017இல் ஆப்பிள் வெளியிட்ட இரண்டு கைப்பேசிகளைப் பாருங்கள். ஐபோன் 8 பிளஸ் 5.5 அங்குலம். ஐபோன் எக்ஸ் 5.8 அங்குலம். எண்ணைப் பார்த்தால் எக்ஸ்தான் பெரியது. நீளத்தையும் அகலத்தையும் பெருக்கிப் பார்த்தால் இரண்டின் பரப்பளவும் ஏறக்குறைய 13 சதுர அங்குலம்தான். அகலத்திலோ 8 பிளஸ்தான் ஆறு மில்லிமீட்டர் கூடுதல். அதேபோல 2011இன் கேலக்சி நோட்டின் திரை அகலம் 2.8 அங்குலம்; 2025இன் அல்ட்ராவின் திரை அகலம் 2.9 அங்குலம். பதினான்கு ஆண்டுகளில் திரை வளர்ந்ததெல்லாம் உயரத்தில்தான். நம் பிள்ளைகள் பதின்மூன்று வயதில் வளர்வது போல!

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு வரியில் எத்தனை எழுத்து அடங்கும் என்பதை முடிவு செய்வது அகலம். படிக்க வாங்குகிறவர் அகலத்தைப் பார்க்க வேண்டும். மூலைவிட்டம் விளம்பர அட்டைக்கு மட்டும்.

அடுத்து, கைக்கு அடங்குமா என்ற கேள்வி. இதற்கு வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். 16.3 சென்டிமீட்டர் நீளம், 7.8 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு தடித்த அட்டையை வெட்டுங்கள். மேற்சொன்ன இரண்டு கைப்பேசிகளுமே ஏறக்குறைய அந்த அளவுதான். ஒரு சிறு பையில் 220 கிராம் அரிசியைக் கட்டி அட்டையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். சாம்சுங் 218 கிராம், ஐபோன் 227 கிராம். ஒரு நாள் முழுக்க அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். குனியும்போது விழுகிறதா? ஒரு கையால் பிடித்தால் கட்டை விரல் எதிர்மூலையைத் தொடுகிறதா? கடையில் இரண்டு நிமிடம் பிடித்துப் பார்ப்பதைவிட இந்த அரிசிப் பை அதிகம் சொல்லும்.

அன்றைக்குக் கடைத் தம்பியிடம் மூன்றாவதாக ஒன்றை எடுத்து வைக்கச் சொன்னேன். அதே சாம்சுங்கின் கேலக்சி ஏ16. நாங்கள் பார்த்த அன்று அதன் விலை ஆயிரம் வெள்ளியைத் தாண்டவில்லை. திரை 6.7 அங்குலம். அளவும் ஏறக்குறைய அதே அளவு. பேட்டரி இரண்டு சாம்சுங்கிற்கும் ஒன்றுபோல 5,000 மில்லி ஆம்பியர் மணி. மென்பொருளைப் புதுப்பித்துத் தருவதாக நிறுவனம் சொல்லியிருக்கும் காலம் அல்ட்ராவுக்கு ஏழாண்டு. ஏ16இன் 5ஜி வகைக்கு ஆறாண்டு.

அப்படியானால் அந்த ஐயாயிரம் வெள்ளி எங்கே போகிறது? நியாயமாகச் சொல்ல வேண்டும். அது ஏமாற்று அல்ல. உயர்ந்த கைப்பேசியின் வேகம் அதிகம். கண்ணாடி உறுதியானது. ஒன்றரை மீட்டர் நல்ல தண்ணீரில் அரைமணி நேரம் கிடந்தாலும் தாங்கும்படி செய்திருக்கிறார்கள். மலிவானது தூறலைத்தான் தாங்கும். தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துப் படம் பிடிக்கும். கல்யாண வீடுகளில் படம் எடுத்துப் பிழைக்கிறவருக்கும், கைப்பேசியிலேயே வியாபாரம் நடத்துகிறவருக்கும் அது தொழிற்கருவி. போட்ட பணத்தை அது திருப்பித் தரும். ஆனால் அதிலும் எண்ணைக் கண்டு மயங்கவேண்டாம். அல்ட்ராவின் கேமரா 200 மெகாபிக்சல் என்று அட்டையில் இருக்கும். நாம் சாதாரணமாகப் படம் எடுத்தால் பதினாறு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படமாகத்தான் தரும்.

உயர்ந்ததுதான் வேண்டும் என்றாலும் ஒரு வழி உண்டு. முந்திய ஆண்டு வகையைப் பாருங்கள். 2024இல் வந்த எஸ்24 அல்ட்ராவுக்கும் ஏழாண்டு புதுப்பிப்பு உண்டு. 2031 வரை கவலையில்லை. புதிது வந்ததும் பழையதன் விலை இறங்கும்.

இத்தனையும் பேசி முடித்து, தகப்பனாரிடம் மூன்றையும் வரிசையாக வைத்தேன். ஒரே செய்தியை மூன்றிலும் திறந்து, எழுத்தின் அளவையும் கூட்டிவிட்டு, "எதுல நல்லாத் தெரியுது, அண்ணே?" என்றேன். விலையைச் சொல்லவில்லை.

அவர் ஒவ்வொன்றையும் கையில் எடுத்தார். கழுத்தைச் சாய்த்து, ஒரு பக்கமாகப் பார்த்தார். "எல்லாம் ஒரே மாதிரிதான் வாத்தியாரே, பொகை மூட்டமா இருக்கு" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. வகுப்பில் கரும்பலகை தெரியாத பிள்ளைகளும் இப்படித்தான் கழுத்தைச் சாய்ப்பார்கள். "இடது கண்ணைப் பொத்திக்கிட்டுப் படிங்க" என்றேன். பொத்தினார். அந்த 6.9 அங்குலத் திரையில், விரற்கடை உயரத்திற்கு நான் பெரிதாக்கிய எழுத்தை அவரால் படிக்க முடியவில்லை. "வலது கண்ணு ரெண்டு வருஷமாவே இப்படித்தான். வயசாயிருச்சுன்னு விட்டுட்டேன்" என்றார். மகள் அப்படியே நின்றுவிட்டாள்.

அன்று எதுவும் வாங்கவில்லை. அடுத்த வாரம் அவள் விடுப்பு எடுத்து அவரை அரசாங்க மருத்துவமனைக் கண் பிரிவுக்கு அழைத்துச் சென்றாள். கண்புரை என்றார்கள். கண்ணுக்குள் இருக்கும் வில்லை மங்கிப் போவதுதான் புரை. அதை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை வைத்தால் பார்வை திரும்பும். முறை வருவதற்குச் சில மாதம் காத்திருந்து அறுவை செய்துகொண்டார். திரை பெரிதாகவில்லை, கண் தெளிந்தது.

பிறகு கைப்பேசியும் வாங்கினாள். மூன்றாவதாகச் சொன்ன அதைத்தான். மிச்சப் பணம் தம்பியின் படிப்புக்கென்று வங்கியில் இருக்கிறது. "அப்பாவுக்கு மட்டமானது வாங்கிட்டேன்னு இப்ப தோணுதா?" என்று கேட்டேன். "இல்ல சார். முன்னாடிதான் அவரைப் பாக்காம விலையைப் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றாள்.

நீங்கள் வாங்கப் போகும்போது மறக்கக்கூடாத சிலவற்றையும் சொல்லி முடிக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நானே விலை குறைவு என்று மகிழ்ந்து ஒரு கடையில் வாங்கினேன். நான்காம் மாதம் பழுதானபோதுதான் அது வேறு நாட்டிற்கென்று செய்யப்பட்டது, இங்கே நிறுவன உத்தரவாதம் கிடையாது என்று தெரிந்தது. வாத்தியார் படித்த பாடம் அது! எனவே "இது மலேசியச் செட்டா, ஏபி செட்டா?" என்று முதலிலேயே கேளுங்கள். சிரிம் அங்கீகாரம் உள்ளதா என்று பாருங்கள். *#06# என்று அழுத்தினால் 15 இலக்க எண் ஒன்று தோன்றும். அது பெட்டியில் அச்சிட்ட எண்ணோடு ஒத்திருக்க வேண்டும். அந்த எண்ணையும் உத்தரவாதக் காலத்தையும் ரசீதில் எழுதி வாங்குங்கள்.

மீறி ஏமாந்துவிட்டால் தலைவிதி என்று இருந்துவிடாதீர்கள். பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. ஐந்து வெள்ளி கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமல், மூன்று ஆண்டுக்குள் நீங்களே புகார் செய்யலாம்; 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிப்பார்கள். நம் மாநிலத்தில் எஸ்.எம். முகமது இத்ரிஸ் அவர்கள் பல்லாண்டு வழிநடத்திய பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் இருக்கிறது. ரசீது மட்டும் கையில் இருக்கட்டும்.

விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள் பெரியவர்கள். கைப்பேசி வாங்கும் முன் அது யார் விரலுக்கு, யார் கண்ணுக்கு என்று முதலில் பாருங்கள். வீட்டில் வயதானவர் யாராவது "எழுத்து தெரியல" என்றால் கடைக்கு ஓடுமுன் ஒரு கண்ணைப் பொத்திப் படிக்கச் சொல்லுங்கள். அதற்கு ஒரு காசும் செலவில்லை.

அடுத்த மாதம் சந்திப்போம்.