துப்பாக்கி யார் கையில்?

பூண்டுலோயாவுக்குச் செல்வோர் டன்சினன் நீர்வீழ்ச்சியைக் காணாது திரும்புவதில்லை. அந்நீர்வீழ்ச்சிக்கும் அயலிலுள்ள தேயிலைத் தோட்டத்துக்கும் வாய்த்த பெயர், ஸ்கொத்லாந்து நாட்டுக் குன்றொன்றின் பெயராகும். ஷேக்ஸ்பியரின் 'மக்பெத்' நாடகத்தில், அக்குன்றின் மீதுள்ள கோட்டையைத் தாக்க வரும் படையினர் தம் தொகையை மறைக்கும்பொருட்டு மரக்கிளைகளை ஏந்தி வருகின்றனர். யுத்தத்தின் நிழல் படிந்த பெயரொன்று கொழுந்து பறிக்கும் மலைக்கு வந்து சேர்ந்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால், மலைநாட்டுக்கும் உலக யுத்தத்தின் ஆயுதங்களுக்கும் ஏற்பட்ட தொடர்பு தற்செயலானதன்று.

அத்தொடர்பை இன்று நினைவுகூர வேண்டிய அவசியம் நேர்ந்திருக்கிறது. ரஷ்ய–உக்ரேன் யுத்தத்தில் கூலிப்படையினராகச் சேர்ந்த இலங்கையருள் குறைந்தது 16 பேர் மாண்டுவிட்டனர் என 2024 மே மாதத்தில் அரசாங்கம் அறிவித்தது. சென்றவர்களுட் பலர் ஓய்வுபெற்ற படைவீரர். போர்முனைக்கு அப்பாற்பட்ட வேலை, கைநிறைந்த சம்பளம் என்ற வாக்குறுதிகளை நம்பிப் போனவர்களும் அவர்களுள் இருந்தனர். ஆளில்லா விமானம் எவ்வளவு தூரம் பறக்கும், ஏவுகணை எதைத் துளைக்கும் என்பதைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அவ்வாயுதங்களின் எதிரே யாரைக் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள் என்பதைப் பற்றி அவ்வளவு பேசுவதில்லை.

முதல் மகாயுத்தத்தின்போது மலைநாட்டிலிருந்து போர்முனைக்குச் சென்றவர்கள் தோட்டத் துரைமார்களே. 1900ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படை, ஐரோப்பியரைக் கொண்ட தொண்டர் படையாகும். அதிலிருந்து 8 அதிகாரிகளும் 229 வீரர்களும் 1914 ஒக்டோபரில் எகிப்துக்குக் கப்பலேறினர். பின்னர் அவுஸ்திரேலிய, நியூஸிலாந்துப் படைகளோடு கலிப்பொலிக்குச் சென்றனர்.

அக்காலத்து பிரிட்டிஷ் காலாட்படையின் முதன்மையான ஆயுதம் லீ–என்பீல்ட் துப்பாக்கி. ஒரே தடவையில் பத்து ரவைகளைக் கொள்ளும் அத்துப்பாக்கியால், தேர்ந்த வீரனொருவன் நிமிடத்துக்குப் பதினைந்து தடவை குறிபார்த்துச் சுடுவான். இருந்தும், அந்த யுத்தத்தில் மனிதரை அதிகமாக மாய்த்தது துப்பாக்கியன்று, பீரங்கியே. கலிப்பொலியில் கைக்குண்டு போதாமையால், வெற்று ஜாம் டின்களில் வெடிமருந்தையும் இரும்புத் துண்டுகளையும் அடைத்து வீசினார்கள். 1915 டிசம்பரில் படை பின்வாங்கியபோது, டின்னிலிருந்து சொட்டும் நீரின் பாரத்தால் தானே வெடிக்கும் துப்பாக்கிகளைப் பதுங்குகுழிகளில் வைத்துவிட்டு நீங்கினார்கள். ஆளில்லாமற் சுடும் ஆயுதம் நம் காலத்துப் புதுமையன்று என்பதற்கு இது போதிய சான்று.

துரைமாரின் துப்பாக்கிப் பயிற்சி அந்நிய நாட்டுப் பகைவனை மட்டும் கருதியதா? அதே 1915ஆம் ஆண்டில் இலங்கையிற் கலவரம் மூண்டு இராணுவச் சட்டம் பிரகடனமானபோது, ஐரோப்பியத் தொண்டர்களும் ஆயுதம் ஏந்தினர். விசாரணையின்றியே சுட்டுக் கொல்லப்பட்டோரும் உண்டு. தோட்டங்களில் இலட்சக்கணக்கான தொழிலாளர் வாழ்ந்தனர். அவர்களிடம் கவ்வாத்துக் கத்தியையும் கொழுந்துக் கூடையையும் ஒப்படைத்த ஆட்சி, துப்பாக்கியைத் துரைமாரிடமே ஒப்படைத்தது.

இரண்டாம் மகாயுத்தத்தில் இந்த உண்மை மேலும் தெளிவாயிற்று. 1940 ஜனவரியில், ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கோரி வேலைநிறுத்தம் நடந்தது. பொலீஸார் சுட்டதிற் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிரிழந்தார். அவ்வாண்டு ஜூலையில் பிரித்தானியாவில் தேயிலைக்குப் பங்கீடு வந்தது; ஆளுக்கு வாரம் இரண்டு அவுன்ஸ். படையினருக்கும் பொதுமக்களுக்கும் தேநீர் இன்றியமையாதது என்று அந்நாட்டரசு கருதியமையால், தேயிலையும் யுத்தத் தளவாடம் போல மதிக்கப்பட்டது. அதனைப் பறித்தவர்களின் கூலிக் கோரிக்கைக்கு மட்டும் அத்தகைய மதிப்புக் கிட்டவில்லை.

அன்று துப்பாக்கி ஏழையின் கைக்கு எட்டாதிருந்தது. இன்று வறுமையே அதனை அவன் கையிற் கொடுக்கிறது. இதனை முன்னேற்றம் என்று கூறுவதற்கில்லை. 1914இற் சென்ற துரைமாருட் பலர் பிரிட்டிஷ் படைப்பிரிவுகளில் அதிகாரிகளாயினர். 2022இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் அயல்நாட்டு யுத்தத்துக்குப் போனவனின் நிலை வேறு. அவன் அறியாத மொழியில் எழுதிய ஒப்பந்தத்திற் கையொப்பமிடுகிறான். அவன் மாண்டால், உடலைத் தேடிக் குடும்பத்தார் அலைகின்றனர்.

முகவர்களைக் கைது செய்வது அவசியமே. ஆயினும் அது மட்டும் போதாது. உள்நாட்டில் உழைத்து வாழ வழியிருந்தால், எவன் இன்னொருவனின் யுத்தத்தில் இறக்கச் சம்மதிப்பான்? லயத்துப் பிள்ளைக்கும் கிராமத்துப் பிள்ளைக்கும் அந்த வழியைத் திறந்து வைப்பதே அரசின் முதற்கடமை. எந்த ஆயுதத்தைப் பற்றிய செய்தி வந்தாலும், அதன் வலிமையை வியப்பதற்கு முன், அதனை ஏந்தியவன் யார், ஏந்தச் செய்தவன் யார், அதன் முன்னே நிற்பவன் யார் என்ற மூன்று வினாக்களை நாம் எழுப்புதல் வேண்டும்.