அப்புத்தளைக் காற்றும் பொலித்தீன் கூடாரமும்

மலையகத்தின் வீட்டுத் திட்டங்கள் பலவற்றில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது 7 பேர்ச் காணி. இந்திய உதவியோடு கட்டப்படும் வீட்டின் பரப்பு 550 சதுர அடி. வீடும் முற்றமும் படிக்கட்டும் போக, நூறு சதுர மீற்றர் எஞ்சினால் பெரிய காரியம். லயத்துக்குப் பின்னால் வேலி கட்டி நாலு பாத்தி போட்டிருப்பவர்களின் நிலையும் ஏறத்தாழ இதுதான். பிரித்தானியாவில் நகரசபைகள் மரக்கறி பயிரிட வாடகைக்கு விடும் துண்டு நிலத்தின் வழமையான அளவு 10 பேர்ச். பேர்ச் கணக்கை இங்கே கொண்டுவந்தவர்களே பிரித்தானியர்தான். ஆகவே அளவுகோல் ஒத்துப்போவதில் வியப்பில்லை. அந்தத் துண்டின்மேல் எழுப்பும் கூடாரம்தான் ஒத்துப்போகாது.

குளிர்நாட்டுக்காரனுக்குக் கூடாரம் என்பது வெப்பத்தைப் பிடித்துவைக்கும் பெட்டி. மார்ச்சில் விதை போடவும், ஒக்டோபர் வரை தக்காளி பறிக்கவும் அவனுக்கு அது வேண்டும். அப்புத்தளைக்கு அந்தத் தேவை இல்லை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,430 மீற்றர் உயரத்தில் இருக்கும் ஊர், கொழும்பைவிட ஏறக்குறைய 9 பாகை குளிர்ந்தது. தக்காளிக்கும் கறிமிளகாய்க்கும் இதைவிட இதமான வெயில் எங்கே கிடைக்கும்? நுவரெலியாவில் சில ஜனவரிகளில் புல்வெளியை வெளுக்கச்செய்யும் உறைபனி இந்த மேட்டை எட்டுவது அரிது. இங்கே பயிரைக் கெடுப்பவை மழையும் காற்றும். அவற்றுக்கு மருந்து வேறு.

எனினும், உதவித் திட்டம் என்றால் நாலாபுறமும் மூடிய பொலித்தீன் கூடாரம் என்ற எண்ணம் பலருக்கும் ஊறிவிட்டது. வெலிமடை, பண்டாரவளைப் பக்கங்களில் அப்படிப்பட்ட கூடாரங்களில் தென்னந்தும்புத் தூள் நிரப்பிய பைகளில் குடைமிளகாய் வளர்த்து, ஹோட்டல்களுக்கும் சுப்பர்மார்க்கெட்டுகளுக்கும் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து ஆசைப்படுவது இயல்பு. ஆனால் அந்தத் தொழிலுக்குப் பின்னால் சமதரை இருக்கிறது, குழாய்த் தண்ணீர் இருக்கிறது, சொட்டுநீரோடு அல்பேர்ட் ஊட்டக் கரைசல் கொடுக்கும் ஒழுங்கு இருக்கிறது. விளைவதற்கு முன்பே விலை பேசிவைத்த வாங்குநர் இருக்கிறார். அந்த நான்கையும் விட்டுவிட்டுக் கூடாரத்தை மட்டும் தூக்கிவந்து சரிவில் நட்டால், முதல் தவணைப் பொலித்தீன் கிழியும்போது முயற்சியும் முடிந்துவிடும்.

முதலில் காற்றைப் பார்ப்போம். அப்புத்தளை, மலைத்தொடரின் முதுகில் உட்கார்ந்திருக்கும் ஊர். கடைவீதியில் நின்றால் ஒருபுறம் தெற்குச் சமவெளி சரிந்து விழுகிறது. மறுபுறம் ஊவாப் பள்ளத்தாக்கு. ஜூன் தொடங்கி ஓகஸ்ட், செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் வற்றிய கச்சானாக இந்த முதுகைத் தாண்டி இறங்குகிறது. அந்த வறண்ட காற்றில் தேயிலைத் துளிர் வாடிச் சுருங்குவதால்தான் ஊவாத் தேயிலைக்கு அந்தப் பருவத்தில் தனி மணமும் ஏலத்தில் தனி விலையும். தேயிலைக்கு விலை தரும் காற்று பொலித்தீனுக்கு எமன்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் அடிக்கும் காற்று, இந்த உயரத்தில் ஒரு சதுர மீற்றர் பரப்பை ஏறக்குறைய 15 கிலோ பாரத்துடன் தள்ளும். 6 மீற்றர் நீளமும் 2 மீற்றர் உயரமும் உள்ள சின்னக் கூடாரத்தின் ஒரு பக்கச் சுவர் 12 சதுர மீற்றர். அதன்மேல் 180 கிலோ. வேகம் இரட்டித்தால் பாரம் நான்கு மடங்கு. அத்தோடு காற்று கூரையை மேலே உறிஞ்சவும் செய்யும். அடியில் கொங்கிரீட் போடாமல் ஈர மண்ணில் அரை மீற்றர் ஆழத்துக்கு இறக்கிய குழாய்கள் இதற்குத் தாக்குப்பிடிக்கா. கொங்கிரீட் போடலாமே என்றால், அங்கே காணி உரித்து என்ற பழைய கேள்வி குறுக்கே வரும். தோட்டங்களின் நிர்வாகம் 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பெனிகளுக்குப் போனது. லயத்துத் துண்டில் பாத்தி போடுபவர் கையில் உறுதிப்பத்திரம் இல்லை. நாளைக்கு எழும்பச் சொன்னால் கழற்றி எடுத்துப்போகக்கூடிய அமைப்புத்தான் அவருக்கு ஏற்றது.

சரி, மூடிவிட்டோம், காற்றும் விட்டுவைத்தது என்றே வைத்துக்கொள்வோம். உள்ளே என்ன நடக்கும்? நண்பகல் வெயிலில் மூடிய கூடாரம் கொதிக்கத் தொடங்கும். வெப்பம் 32 பாகையைத் தாண்டத் தாண்டத் தக்காளிப் பூவின் மகரந்தம் கெடும், பூ உதிரும். பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு அப்புத்தளையின் வாடிக்கைப்படி மூடுபனி ஏறிவரும். வெளிச்சம் குறையும், உட்புறப் பொலித்தீனில் நீர் திரண்டு இலைமேல் சொட்டும், சாம்பல் பூஞ்சணம் குடியேறும். வெண்ணீயைத் தடுக்க நெருக்கமான பூச்சிவலை போட்டால் காற்றோட்டம் இன்னும் குறையும். தக்காளிப் பூ தன் மகரந்தத்தாலேயே காய்ப்பதுதான், ஆனால் யாராவது ஆட்டிவிட வேண்டும். வெளியே அந்த வேலையைக் காற்றும் தேனீயும் செய்கின்றன. வலைக்குள்ளே காலையில் கொழுந்துக்கு ஓடுகிற பெண்தான் செடி செடியாகத் தட்டிவிட வேண்டும்.

இத்தனைக்கும் மாற்று எளிமையானது: மழைப் பந்தல். மேலே மட்டும் பொலித்தீன், நான்கு பக்கமும் திறப்பு. தாய்வானிலுள்ள உலக மரக்கறி மையம் மழைக்காலத் தக்காளிக்குப் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவதும் இதைத்தான்.

ஊவாவில் இது ஏன் பொருந்தும்? மலைநாட்டுத் தக்காளியையும் உருளைக்கிழங்கையும் ஒரே வாரத்தில் கருக்கிப்போடும் பிந்திய வெளிறல் நோய், 1845இல் அயர்லாந்தைப் பஞ்சத்தில் தள்ளிய அதே நுண்ணுயிரின் வேலை. குளிர்ந்த நாளில் இலை பல மணி நேரம் நனைந்தே இருந்தால்தான் அது பிடிக்கும். ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை ஊவாவில் பெய்யும் மழை அதற்கு விருந்து. இலைமேல் மழை விழாமல் ஒரு கூரை இருந்தாலே நோயின் வேகம் பாதியில் தளரும்; மருந்தடிக்கும் தடவைகளும் குறையும். பக்கம் திறந்திருப்பதால் பனி ஏறினாலும் இலை சீக்கிரம் காயும். வெண்ணீ வரத்தான் செய்யும், அதை மறுப்பதற்கில்லை. மஞ்சள் ஒட்டுப்பொறியும் நோய் தாங்கும் இனமும் கொண்டு சமாளிப்பது, கூடாரத்தைக் கொதிக்கவிடுவதைவிட மலிவு.

இங்கே ஊவாவுக்கே உரிய ஒரு வசதியும் உண்டு. காற்று அடிக்கும் மாதங்களும் மழை பெய்யும் மாதங்களும் இங்கே பெரும்பாலும் வேறுவேறு. ஜூன், ஜூலையில் கூரைக்கு வேலையே இல்லை. அப்போது பொலித்தீனைச் சுருட்டிக் கட்டிவைத்துவிடலாம். மேற்குச் சரிவில் உள்ள அட்டன்காரருக்கு இந்தச் சலுகை கிடையாது, அவருக்குக் காற்றும் மழையும் சேர்ந்தே வரும். வெயிலும் காற்றும் குறைவாகப் படுவதால் சுருட்டிவைத்த பொலித்தீன் கூடுதல் காலம் உழைக்கும். 200 மைக்ரோன் தடிப்பும் புற ஊதாக் கதிரைத் தாங்கும் தன்மையும் உள்ள பொலித்தீனை மட்டுமே வாங்க வேண்டும். கடையில் மீற்றர் கணக்கில் வெட்டித்தரும் சாதாரணப் பொலித்தீன் சில மாதங்களில் அப்பளமாக நொறுங்கும். கந்தகம், செம்பு கலந்த மருந்துகள் படப்பட நல்ல பொலித்தீனின் ஆயுளும் குறையும். வெயிலில் சூடேறும் இரும்புக் குழாய் தொடும் இடத்தில் முதலில் கிழியும் என்பதால் அங்கே துணி சுற்றுவது பழக்கமாக வேண்டும். 2022இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டிப் போனபின், இறக்குமதிப் பொலித்தீனைக் கிழித்து வீசும் வசதி யாருக்கும் இல்லை.

காற்று மாதங்களில் செடியைக் காக்க, காற்று வரும் பக்கத்தில் பாதி துளையுள்ள வலையை ஆள் உயரத்துக்குக் கட்டினால் போதும். முழுச் சுவர் காற்றைத் தடுத்து மறுபுறம் சுழலவைக்கும். துளையுள்ள வலை அதைத் தளர்த்தும். தன் உயரத்தைப்போலப் பத்து மடங்கு தூரம்வரை அதன் பாதுகாப்பு எட்டும். தேயிலை மலைகளில் சவுக்கு மர வரிசைகளை நட்டவர்களுக்கு இது தெரிந்திருந்தது.

கூரை என்றதும் தண்ணீரைப் பேசாமல் இருக்க முடியாது. 3 மீற்றருக்கு 6 மீற்றர் பந்தலின் பரப்பு 18 சதுர மீற்றர். ஒரு மில்லிமீற்றர் மழைக்கு 18 லீற்றர். ஒரே இரவில் 50 மில்லிமீற்றர் பெய்தால் 900 லீற்றர். அந்தத் தண்ணீர் முன்பு பாத்தி முழுவதும் பரவி மண்ணில் இறங்கியது; இப்போது கூரை ஓரத்தில் ஒரே கோட்டில் கொட்டுகிறது. சமதரையில் இது சேறு. சரிவில், அதுவும் கீழே இன்னொரு லயம் இருக்கும் சரிவில், இது ஆபத்து. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை இந்தப் பகுதியில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலிலும் பதுளை மாவட்டம் மிகக் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் ஒன்று. அந்தச் சரிவுகளுக்குக் காரணம் கூடாரங்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஏற்கெனவே நீர் ஊறிய சரிவில் தண்ணீரை ஓர் இடத்தில் குவிப்பது அறிவீனம்.

மலேசியாவின் கெமரன் மலை இதற்கு நல்ல பாடம். அங்கும் தேயிலை, அங்கும் தமிழர், அங்கும் குளிர். மரக்கறித் தோட்டங்கள் பள்ளத்தாக்குகளைப் பொலித்தீன் கூரைகளால் மூடிக்கொண்டே போயின. காடு வெட்டிய மண் ஆற்றில் இறங்கியது, அணை வண்டலால் நிறைந்தது. 2013 ஒக்டோபரில் ரிங்லெட் அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகளையும் உயிர்களையும் அடித்துச் சென்றது. அதன் பின்னர் நடந்த விவாதங்களில் மலை வெட்டுகளோடு சேர்த்து இந்தக் கூரைகளும் பேசப்பட்டன. ஒரு கூரை பாதகமில்லை. ஒரு மலைச்சரிவு முழுவதும் கூரையாகும்போதுதான் தண்ணீருக்கு வழி கேட்க வேண்டியிருக்கிறது. ஸ்பெயினின் அல்மேரியாவில் 30,000 ஹெக்டேருக்கு மேல் பொலித்தீன் விரிந்து கிடக்கிறதே என்று சிலர் உதாரணம் காட்டுவார்கள். அது ஆண்டுக்கு 200 மில்லிமீற்றரை ஒட்டி மழை பெய்யும் வறண்ட கரையோரம். ஊவாவில் அவ்வளவு மழை ஒரு வாரத்திலேயே வந்துவிடலாம்.

எனவே பந்தலின் விலைப்பட்டியலில் பொலித்தீனுக்கு அடுத்த வரியில் பீலியும் தாங்கியும் இருக்க வேண்டும். கூரை ஓரத்தில் பீலி, அங்கிருந்து 1,000 லீற்றர் தாங்கி, தாங்கி நிறைந்தால் வழிந்தோடக் கல் பதித்த கான். 18 சதுர மீற்றரில் நாற்பது தக்காளிச் செடி நடலாம். ஒரு செடிக்கு நாளுக்கு ஒன்றரை லீற்றர் என்றால் 60 லீற்றர். நிறைந்த தாங்கி இரண்டு வாரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கும். பெப்ரவரியில் பீலிக்கரையில் குடத்தோடு வரிசையில் நிற்பவருக்கு இதன் அருமை தெரியும். உதவித் திட்டங்கள் பொலித்தீனுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கைத் தாங்கிக்கும் கானுக்கும் கட்டாயமாக ஒதுக்க வேண்டும். கான் வெட்டாத இடத்தில் கூரைக்கு அனுமதியும் கொடுக்கக் கூடாது.

எல்லாப் பயிருக்கும் பந்தல் தேவையுமில்லை. கோவா, லீக்ஸ், கரட், போஞ்சி எல்லாம் திறந்த வெளியில் இந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாக விளைபவை. கெப்பட்டிபொல பொருளாதார மையத்துக்கு லொறியில் ஏறும் மூட்டைகளில் பெரும்பகுதி கூரை காணாதவைதான். தக்காளி, கறிமிளகாய், சலாது போன்றவற்றுக்கே கூரை கூலி கொடுக்கும். பந்தல் கால்களுக்கு மூங்கில் கிடைக்குமானால் மூங்கில். பணம் இருந்தால் திருகாணி மூட்டுப்போட்ட கல்வனைஸ் குழாய். உச்சி மூன்று மீற்றருக்குக் குறையாமல் இருந்தால் சூடு மேலே நிற்கும், செடிக்கு எட்டாது.

மூடிய கூடாரத்துக்கு இந்த மலையில் இடமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. நாற்றங்காலுக்கு அது வேண்டும். மலைநாட்டுத் தக்காளிக்கு இன்னொரு சாபம் பக்டீரியா வாடல். மண்ணில் வாழும் கிருமி என்பதால் மேலே எந்தக் கூரை போட்டும் பயனில்லை; பச்சையாக நின்ற செடி இரண்டே நாளில் தொய்ந்துவிடும். தாய்வான் மையம் இதற்குக் கண்ட வழி, வாடலைத் தாங்கும் கத்தரி வேரில் தக்காளியை ஒட்டுவது. ஒட்டிய நாற்றைச் சில நாள் ஈரமான, நிழலான, பூச்சி புகாத இடத்தில் வைத்துத் தேற்ற வேண்டும். இந்த வேலைக்கு மூடிய கூடாரம் கச்சிதம். ஐம்பது வீட்டுக்கு ஐம்பது சின்னக் கூடாரம் கொடுப்பதற்குப் பதிலாக, காற்று மறைவான சமதரையில், உரித்துத் தெளிவான காணியில், ஒரே ஒரு நல்ல கூடாரத்தைக் கூட்டுறவாகக் கட்டலாம். ஒட்டும் வேலையை இரண்டு மூன்று இளைஞர்களுக்குச் சம்பளத்தோடு பழக்கலாம். பண்டாரவளையில் விவசாயத் திணைக்களத்தின் பிராந்திய ஆராய்ச்சி நிலையம் இருப்பதால், பயிற்சிக்கு அதிக தூரம் போகவும் வேண்டியதில்லை. நாற்று அங்கிருந்து வரட்டும், கூரை அவரவர் பாத்தியில் இருக்கட்டும்.

இந்த வருடமே தொடங்க நினைப்பவர்கள் ஓகஸ்ட் மாதத்திலேயே கம்பத்தை நட்டு, உச்சியில் ஒரு சாக்குத் துண்டைக் கட்டி, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்துவைப்பது நல்லது. கச்சான் தணியும் செப்டம்பர் கடைசியில் கானை வெட்டிப் பீலியைப் பொருத்திவிட்டு, அதற்குப் பிறகு பொலித்தீனை விரித்தால் ஐப்பசி மழைக்குச் சரியாக இருக்கும்.