வேலை வீட்டிலே, உறவு எங்கே?

2020 மார்ச்சில் மும்பை மின்சார ரயில்கள் நின்றன. டோம்பிவிலியிலிருந்து தினமும் போக வர மூன்று மணி நேரம் நெரிசலில் நசுங்கிய எனக்கு, வீட்டிலிருந்தே வேலை என்பது வரப்பிரசாதமாகத் தோன்றியது. கணினித் திரையில் கூட்டங்கள் நடந்தன, வேலை குறையவில்லை. ஆனால், பக்கத்து மேஜை மராத்திய நண்பரின் தாயார் காலமான செய்தி இருபது நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது! தினமும் திரையில் பார்த்த முகம்தான். 'வீட்டில் எல்லோரும் சௌக்கியமா?' என்று கேட்கத்தான் தோன்றவில்லை.

ஊரை விட்டு வந்த நமக்கு, ஆபத்தில் ஓடி வருபவர்கள் உடன் வேலை செய்பவர்கள்தானே? இன்றும் வாரத்தில் மூன்று நாள் எனக்கு வீட்டில்தான் வேலை. மாலையில் யாராவது ஒருவரிடம் அலுவலக விஷயம் தவிர்த்துத் தொலைபேசியில் பேசுகிறேன். பத்து நிமிடம்தான். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நம் பிள்ளைகளும் இதைப் பழக வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.