ஊர்க்கணக்கைக் கேட்போம்!

சுதந்திர தினத்தன்று காலையில் ஊர்தோறும் கொடியேற்றுகிறார்கள். பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுக்கிறார்கள். பெரியவர்கள் நிமிர்ந்து நின்று வணக்கம் செலுத்திவிட்டு வீடு திரும்புகிறார்கள். சற்று நேரத்தில் அதே ஊரில் கிராம சபை கூடுகிறது. காலையில் கொடிக்கு வணக்கம் வைத்தவர்களில் பலரை அங்கே பார்க்க முடிவதில்லை.

‘நாட்டுக்கு நான் என்ன செய்துவிட முடியும்?’ என்று கேட்கும் ஒவ்வொருவருக்கும் நாம் சொல்லும் பதில் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறது. 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73-வது அரசியல் சட்டத் திருத்தம், கிராம சபைக்கு அரசியல் சட்ட அந்தஸ்து தந்தது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், நீங்கள் அதன் உறுப்பினர். தேர்தலில் நிற்க வேண்டாம். கட்சியில் சேர வேண்டாம். யார் சிபாரிசும் வேண்டாம். தமிழகத்தில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் நடந்துவந்த கிராம சபை, 2022 முதல் உலக தண்ணீர் தினமான மார்ச் 22, உள்ளாட்சிகள் தினமான நவம்பர் 1 ஆகிய நாள்களிலும் நடக்க வேண்டும் என்று ஆனது. வருடத்துக்கு ஆறு நாள். அதிலும் சில மணி நேரம்.

அந்தச் சில மணி நேரத்தையும் நாம் விட்டுக்கொடுத்தால் என்ன ஆகும் என்பதைப் பல ஊர்களில் பார்க்கலாம். மக்கள்தொகைக்கு ஏற்ப 50 பேர் முதல் 300 பேர் வரை வந்தால்தான் கூட்டம் செல்லும் என்பது விதி. அந்த எண்ணிக்கைக்காக ஊரக வேலைத் திட்டத்தில் வேலைக்குப் போகும் பெண்களை அழைத்துவந்து உட்காரவைக்கிறார்கள். கையெழுத்து நோட்டு வரிசையாகக் கைமாறுகிறது. தீர்மானம் என்னவென்று வாசிக்கும் முன்பே பக்கம் நிறைந்துவிடுகிறது. நூறு பேர் கையெழுத்தும் கைரேகையும் இருக்கும் அந்த நோட்டில், அந்த நூறு பேரில் ஒருவர் கேட்ட கேள்விகூட இருப்பதில்லை.

கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. ஊராட்சியின் வரவு செலவைப் படிவம் 30 என்ற கணக்கில் சபைமுன் வைக்க வேண்டும். அதில் ‘கைப்பம்பு பழுது நீக்கம்’ என்று ஒரு வரி இருக்கலாம், எதிரே ஒரு தொகை இருக்கலாம். தணிக்கை அதிகாரிக்கு ரசீது சரியாக இருந்தால் போதும். அந்தப் பம்பில் தண்ணீர் வருகிறதா என்பது தினமும் குடத்தோடு போய் நிற்கும் பெண்ணுக்குத்தான் தெரியும். தெருவிளக்கு எரிகிறதா, மேல்நிலைத் தொட்டியைக் கழுவினார்களா, வாய்க்கால் தூர்வாரியது உண்மையா என்பதற்கெல்லாம் அந்தந்தத் தெருக்காரர்களைவிட நல்ல தணிக்கையாளர் கிடையாது. அவர்கள் வாய் திறந்தால் பொய்க்கணக்கு நிற்காது.

இது வெறும் நம்பிக்கை இல்லை, நடந்த வரலாறு. ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு 1994-ல் பாலி மாவட்டம் கோட் கிரானாவில் பொது விசாரணை ஒன்றை நடத்தியது. அடுத்தடுத்த ஊர்களிலும் அது தொடர்ந்தது. அரசு வேலைகளின் கூலிப் பட்டியலை ஊரார் முன்னிலையில் சத்தமாக வாசித்தார்கள், அவ்வளவுதான். வேலைக்கே போகாதவர்கள் பெயரில் கூலி எழுதியிருந்தது அம்பலமானது. கணக்கு நகல் கேட்டு 1996-ல் பியாவரில் 40 நாள் தர்ணா இருந்தார்கள். விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும் நடத்திய அந்தப் போராட்டம்தான், 2005-ல் நாடு முழுமைக்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டமாக வளர்ந்தது. ஒடிசாவின் நியாம்கிரி மலையில் பாக்சைட் சுரங்கம் தோண்டுவது பற்றி, 2013-ல் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளின் கருத்தைக் கேட்கச் சொன்னது. 12 ஊர்களில் சபை கூடியது. 12-ம் ஒரே குரலில் வேண்டாம் என்றன. அடுத்த ஆண்டே மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதி மறுத்தது.

நம் ஊரில் இதற்கு என்ன வழி? கூட்டத்துக்கு முன்பே தெருவில் பத்துக் குடும்பங்கள் பேசி, முக்கியமான கோரிக்கை ஒன்றை எழுத்தில் கொண்டுபோகலாம். கணக்கை வாசிக்கச் சொல்லலாம். தீர்மானத்தை வாசித்த பிறகே கையெழுத்திடுவோம் என்று சொல்லலாம். பிறகு அதன் நகலைக் கேட்கலாம்; தர மறுத்தால் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமை மனு போடலாம். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

‘எதற்கு ஊர்ப்பகை?’ என்று தயங்குவோரின் அச்சம் நமக்குப் புரிகிறது. தனியாகக் கேட்பவரை மிரட்டுவது எளிது. தெருவே சேர்ந்து கேட்டால் மிரட்ட முடியாது. கேள்வி கணக்கைப் பற்றியதாக இருக்கட்டும், ஆளைப் பற்றியதாக வேண்டாம். பட்டியலின ஊராட்சித் தலைவரைத் தரையில் உட்காரவைத்த அவலமும் தமிழகத்தில் நடந்திருக்கிறது. அப்படி நடக்கும் இடத்தில் எழுந்து நின்று, அவருக்கு நாற்காலி போடச் சொல்வதைவிடப் பெரிய தேசத்தொண்டு எது?

நகரவாசிகளும் விலகி நிற்க முடியாது. பகுதி சபைகளுக்கும் வார்டு குழுக்களுக்கும் 2022-ல் விதிகள் வந்துவிட்டன. அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுக்களில் நான்கில் மூன்று பங்கு இடம் பெற்றோருக்கு உரியது. கிராமங்களில் ஊராட்சித் தலைவர் இல்லாத காலத்திலும் நம் பொறுப்பு குறைவதில்லை. 2016-ல் பதவிக்காலம் முடிந்த தமிழக ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில்தான், அதுவும் 27 மாவட்டங்களில் மட்டும், தேர்தல் நடந்தது. அத்தனை நாளும் நிர்வாகம் தனி அலுவலர்கள் கையில் இருந்தது. அப்போதும் கிராம சபை கலைந்துவிடவில்லை. அதற்குப் பதவிக்காலமே கிடையாது. ஊரில் வாக்காளர்கள் இருக்கும்வரை அது இருக்கும்.

அரசுகளுக்கும் ஒரு வார்த்தை: சபையின் தீர்மானங்கள் கோப்புக்குள் உறங்கினால் மக்கள் ஏன் வருவார்கள்? முந்தைய தீர்மானங்கள் என்ன ஆயின என்ற பதிலோடுதான் ஒவ்வொரு கூட்டமும் தொடங்க வேண்டும்.

வாசகர்களே, அடுத்த கிராம சபைத் தேதியை இன்றே காலண்டரில் குறித்துவையுங்கள். அன்று குடும்பத்தோடு போய் முன்வரிசையில் உட்காருங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து போடாதீர்கள். கணக்கைக் கேளுங்கள்!