கத்துற காரும் தூங்குற நானும்

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதனால ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரல. இன்னிக்கு என்னை எழுத வெச்சது என் கார் அலாரம். பதிவு கொஞ்சம் அட்வைஸ் மாதிரிதான் இருக்கும், பொறுத்துக்கோங்க மக்களே. அடி வாங்கினவன் சொல்ற அட்வைஸ் இது.

நம்மளோடது செகண்ட் ஹாண்ட்ல வாங்கின பழைய வேகன் ஆர். சாவி போட்டுத்தான் கதவு திறக்கணும். மூணு வருஷம் முன்னாடி ஜி.பி. ரோட்டுல ஒரு கடையில சென்ட்ரல் லாக்கும் அலாரமும் மாட்டினேன். வேலையை முடிச்ச பையன், "சூப்பரா கத்தும்ணே, பாருங்க"ன்னு பானெட்ல ஒரு தட்டு தட்டினான். ஆம்புலன்ஸ் மாதிரி, போலீஸ் ஜீப் மாதிரின்னு தினுசு தினுசா கத்துச்சு. ரோடே திரும்பிப் பார்த்தது. எனக்கு ஒரே பெருமை.

ரிமோட்ல நாலு பட்டன். "இது லாக், இது அன்லாக். மத்தது உங்களுக்குத் தேவைப்படாதுண்ணே." அதோட வகுப்பு முடிஞ்சது. மேனுவலை க்ளவ் பாக்ஸ்ல போட்டவன்தான், திரும்ப எடுக்கவே இல்ல. நாமெல்லாம் மிக்ஸிக்கே மேனுவல் படிக்காத பரம்பரை இல்லையா!

அப்புறம் என்ன, பூனை ஏறினா கத்தும். தண்ணி லாரி போனா கத்தும். தீபாவளிக்கு மூணு நாளும் கத்தும். மடிப்பாக்கத்துல எங்க ஃப்ளாட் மூணாவது மாடி. கத்தினா நான் எழுந்திரிக்கிறதே கிடையாது. படுத்த வாக்குல ஜன்னல் பக்கம் கையை நீட்டி ரிமோட்டை அமுக்குவேன், அடங்கிடும். கீழ்வீட்டு மாமா ஒரு நாள், "என்னப்பா, ராத்திரியானா உன் வண்டிக்குப் பயம் வந்துடுதா?"ன்னு கேட்டார். சிரிச்சுட்டு வந்துட்டேன். அவருக்கு எதிர் வீட்டுல கைக்குழந்தை. அவங்க ஒண்ணுமே சொல்லல. அதுதான் இப்போ உறுத்துது.

போன கார்த்திகை மாசம் ஒரு மழை ராத்திரி. மறுநாள் காலைல அப்பாவுக்கு ஹார்ட் டாக்டர் அப்பாயின்ட்மென்ட். லேப்ல ரிப்போர்ட் வாங்கிட்டு லேட்டா வந்தோம், அப்பாவோட ஃபைல் இருந்த பையைப் பின் சீட்டுலயே விட்டுட்டேன். ராத்திரி ரெண்டு மணி இருக்கும், அலாரம் கத்துச்சு. "ஒரு தடவை போய்த்தான் பாருங்களேன்"னாங்க தங்கமணி. "பூனைதான்"னு சொல்லிட்டு வழக்கம்போல அமுக்கினேன். அடங்கிடுச்சு. நானும் தூங்கிட்டேன்.

காலைல போய்ப் பார்த்தா கண்ணாடி உடையல, லாக் நெம்பல. பின் கதவு மட்டும் சரியாச் சாத்தாம இருக்கு. பை இல்ல.

அன்னிக்குத்தான் அந்த மேனுவலைப் படிச்சேன். நான் அமுக்கிட்டிருந்தது அன்லாக் பட்டன். அதை அமுக்கினா சத்தம் நிக்கும், கூடவே நாலு கதவும் திறந்துக்கும். அரை நிமிஷத்துக்குள்ள யாரும் கதவைத் திறக்கலேன்னா தானா லாக் ஆகிடும். அதனாலதான் இத்தனை நாள் எனக்குத் தெரியவே இல்ல. அன்னிக்கு அந்த அரை நிமிஷத்துல ஒருத்தன் பக்கத்துலயே நின்னிருக்கான். அலாரம் அதோட வேலையை ஒழுங்காத்தான் பார்த்திருக்கு. மூணாவது மாடியிலேருந்து கதவைத் திறந்துவிட்டது நான்.

பைக்குள்ள எட்டு வருஷத்து ஈ.சி.ஜி., எக்கோ, ஆஞ்சியோ சி.டி. எல்லாம் இருந்தது. எடுத்தவனுக்கு அது வெறும் பேப்பர். டாக்டர், "பழைய எக்கோவோட ஒப்பிட்டாத்தானே மாற்றம் தெரியும்?"னார். அப்பா மட்டும், "ஹார்ட்டு என்கிட்டதானே இருக்கு, விடுடா"ன்னார். திட்டியிருந்தாக்கூடத் தேவலாம்.

என் கருத்து இதுதான். கார் அலாரம் காவல்காரன் இல்ல. யாராவது எழுந்து வந்து பார்த்தாத்தான் அதுக்கு மதிப்பு. ராத்திரிக்கு ராத்திரி சும்மா கத்துற வண்டி, "கத்தினா கண்டுக்காதீங்க"ன்னு தெருவுக்கே பாடம் எடுக்குது. புலி வருது கதையேதான். நம்ம ஊர் 2000-ஆம் வருஷ ஒலி மாசு விதிப்படி, குடியிருப்புப் பகுதியில ராத்திரி 10 மணியிலேருந்து காலை 6 மணி வரைக்கும் 45 டெசிபல்தான் அளவு. அலாரம் டப்பாவுல 120 டெசிபல்னு பெருமையாப் போட்டு விக்கிறாங்க. பக்கத்துல வெச்சு அளந்த கணக்கா இருக்கலாம், ஆனா தூங்குற குழந்தைக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியுமா?

பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதைச் சொல்லிடறேன். உங்க அலாரத்துல பட்டன் வேற மாதிரி இருக்கலாம், மேனுவலைப் பார்த்துக்கோங்க.

லாக் பண்ணினதும் இண்டிகேட்டர் மின்னுதான்னு பாருங்க, அப்புறம் கைப்பிடியை ஒரு தடவை இழுத்துப் பாருங்க. சத்தத்தை மட்டும் நம்பி நடந்து போயிடாதீங்க.

டேஷ்போர்டுக்கு அடியில அதிர்வு சென்சார் ஒண்ணு இருக்கும். அதுல சின்னத் திருகு இருக்கும். பாதிக்கும் மேல குறைச்சு வைங்க. உள்ளங்கையால தட்டினா சும்மா இருக்கணும், கண்ணாடியில ஓங்கிக் குத்தினாக் கத்தணும். ரெண்டு நிமிஷ வேலை. இதைச் செய்யாததாலதான் பூனைக்கெல்லாம் கத்திச்சு.

சத்தமில்லாம லாக் பண்ண தனி பட்டன் இருக்கும். "தேவைப்படாது"ன்னு அந்தப் பையன் சொன்னதுல ஒண்ணு அதான். ராத்திரி வீட்டுக்கு வரும்போது அதையே அமுக்குங்க.

சர்வீஸுக்கு விடும்போது வேலட் ஸ்விட்ச் போட்டுட்டு விடுங்க, அது எங்க ஒளிஞ்சிருக்குன்னு மாட்டுற அன்னிக்கே கேட்டு வைங்க.

கத்தினா, அன்லாக்கை அமுக்குறதுக்கு முன்னாடி ஜன்னல் வழியாவாவது எட்டிப் பாருங்க. ப்ளீஸ்.

"சத்தத்தைக் குறைச்சா வண்டி போயிடாதா?"ன்னு கேப்பீங்க. வண்டியைக் காப்பாத்துறது சத்தமில்லாத இம்மொபிலைசர். சாவியில இருக்குற சிப் ஒத்துப் போகலேன்னா எஞ்சின் ஸ்டார்ட்டே ஆகாது. ஐரோப்பிய ஒன்றியத்துல 1998-லயே புதுக் கார்களுக்கு அதைக் கட்டாயமாக்கிட்டாங்க. கார் வாங்கும்போது சைரன் எத்தனை விதமாக் கத்தும்னு கேக்காதீங்க, இம்மொபிலைசர் இருக்கான்னு கேளுங்க. பையையும் ஃபைலையும் காப்பாத்துறதுக்கு ஒரே வழி, வீட்டுக்குள்ள எடுத்துட்டுப் போறதுதான். கார் இன்சூரன்ஸ் பொதுவா வண்டிக்குத்தான், உள்ள இருக்குற பைக்கு இல்ல.

திருகைக் குறைச்ச அடுத்த வாரம் எதிர் வீட்டுக்குப் போய் மன்னிப்பு கேட்டேன். "பரவால்ல சார், பாப்பாவுக்குப் பழகிடுச்சு"ன்னாங்க.

அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். அலாரம் பழகவே கூடாது.

டிஸ்கி: அப்பா நல்லா இருக்கார். புது ஃபைல் பீரோவுக்குள்ள இருக்கு, பூட்டோட. அந்தப் பூட்டு கத்தாது :-)