சாவுக்குச் சேர்கிறோம், காணிக்கு?

1977 வன்செயலில் தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்ட நம்மவரை வன்னியில் குடியமர்த்தியது வவுனியாவின் காந்தியம். 1983 ஏப்ரலில் அதன் தலைவர்கள் டேவிட்டையும் டாக்டர் இராஜசுந்தரத்தையும் அரசு சிறையிலிட்டது. யூலை 27இல் வெலிக்கடைச் சிறைக்குள்ளேயே இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். காந்தியம் முடங்கியது.

இன்றும் நம்மில் பலருக்குக் காணிப் பெர்மிட் இல்லை. "யாராவது வந்து பார்த்துத் தருவார்கள்" என்கிறோம். யார் வருவார்?

அமெரிக்காவில் குடியேறிய ஏழை யூதத் தொழிலாளர் கொடைவள்ளல்களுக்குக் காத்திருக்கவில்லை. 1900இல் 'தொழிலாளர் வட்டம்' கட்டினார்கள். சந்தாக் காசே நோய்க்கு உதவியும் சாவுக்கு அடக்கமும் ஆனது.

நம் மரண உதவிச் சங்கங்களும் சந்தாவில்தானே நிற்கின்றன? சாவுக்கு ஒன்றுசேர்கிற நாம் காணிக்கு ஏன் சேரக்கூடாது? காணிக் கச்சேரிக்குத் தனியாகப் போனால் "நாளைக்கு வா" என்பார்கள். சங்கமாகப் போவோம்!