ஓகஸ்ட் விடுமுறையும் ஒக்டோபர் மேடையும்

ஒக்டோபர் பிறந்தால் வன்னியின் நூலகங்களுக்குக் களை வந்துவிடும். தேசிய வாசிப்பு மாதம். பிரதேச சபை மண்டபத்தில் குத்துவிளக்கு, வரவேற்பு நடனம், கட்டுரைப் போட்டி, பேச்சுப் போட்டி, பாவோதல். பரிசுப் பட்டியலைப் பார்த்தால் பாடசாலை மேடையில் ஏற்கெனவே கிண்ணம் வாங்கிய அதே நாலைந்து பெயர்கள். பிரதம விருந்தினர் வாசிப்பின் மகிமையை அரை மணி நேரம் விளக்குவார். முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகளின் தலைக்குள் மூன்றாம் தவணைச் சோதனை ஓடிக்கொண்டிருக்கும்.

அந்தப் பிள்ளைகளுக்குக் கையில் நேரம் இருந்தது ஓகஸ்டில். அப்போது நூலகத்தில் அவர்களுக்கென்று என்ன நடந்தது என்று கேட்டால் பெரும்பாலான இடங்களில் பதில் இராது.

வன்னியில் ஓகஸ்ட் என்பது சோளகக் காற்றும் புழுதியும் சிறுபோக அறுவடையும். பாலைப்பழம் பொறுக்கும் காலமும் முடிந்திருக்கும். கொரோனாவுக்குப் பிறகு தவணைகள் தள்ளாடியதில் விடுமுறை நாட்களும் சுருங்கிவிட்டன என்பது உண்மை. ஆனால் அதைவிடப் பெரிய வெற்றிடம் ஒன்று இருக்கிறது. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையை 2025 மார்ச்சில் எழுதியவர்களுக்கு முடிவு வந்தது ஜூலையில். இடையில் மூன்று மாதத்துக்கு மேல். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை உயர்தர ரியூசனில் அடுத்த கிழமையே உட்கார்ந்துவிடும். மற்றவர்களுக்குக் கைத்தொலைபேசி, வயல், மேசன் வேலைக்கு உதவியாள், அல்லது மதகடியில் குந்தியிருத்தல். போதைப்பொருள் பற்றி மேடை மேடையாகப் பேசுகிறோம். இந்த வெறும் மாதங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

நமது பொது நூலகங்களில் இரண்டு வயதினருக்குத்தான் இடம். சிறுவர் பகுதியில் தாழ்வான கதிரைகள், படக்கதைகள், சுவரில் முயலும் ஆமையும். மறுபுறம் பத்திரிகை மேசை. ஓய்வுபெற்றவர்கள் உதயனையும் வீரகேசரியையும் முறைவைத்து வாசிப்பார்கள். பதினான்கு வயதுப் பெடியன் முயலுக்கும் ஆமைக்கும் வளர்ந்துவிட்டான். மரண அறிவித்தல் பக்கத்துக்கு இன்னும் வயது போதாது. அவன் உள்ளே வந்தால் நேரே போவது கடந்தகால வினாத்தாள்கள் இருக்கும் இராக்கைக்கு. மற்ற நூல்களின் முதுகு புதுக்கருக்கு அழியாமல் இருக்க, அந்தக் கட்டுகள் மட்டும் ஓரம் சுருண்டு, விடைகளின் மேல் பென்சில் கோடு விழுந்து, சில பக்கங்கள் கிழிபட்டும் கிடக்கும். நூலகம் அவனுக்குக் கட்டணம் இல்லாத ரியூசன் கொட்டில்.

பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் இறுக்கமானது. மைதானம் விளையாட்டுக் கழகப் பெடியளுடையது. கோயிலில் பூசை முடிந்தபின் நிற்க முடியாது. கடைத்தெருவில் நின்றால் ஊர் கேட்கும். பதினாறு வயதுப் பிள்ளை ஒருத்தி மூன்று மணித்தியாலம் காரணம் சொல்லாமல் இருந்துவிட்டு வரக்கூடிய பொது இடம் வன்னிக் கிராமமொன்றில் இருந்தால் அது நூலகமாகத்தான் இருக்கும். ஆனால் பஸ் தூரம். மாலையில் யானை இறங்கும் வவுனியா வடக்கு, மாந்தை கிழக்குப் பக்கங்களில் பொழுதுபடுமுன் வீடு சேர வேண்டும். ஆகவே விடுமுறை நிகழ்ச்சியைப் பின்னேரம் நாலு மணிக்கு வைப்பவர் பெண் பிள்ளைகளை வர வேண்டாம் என்று சொல்வதற்குச் சமம்.

அங்கத்துவப் படிவத்தையும் சொல்ல வேண்டும். கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், பிணையாளின் கையொப்பம் என்பவை உள்ளூராட்சி நூலகங்களின் பழைய வழக்கம். காணி ஆவணம் தொலைந்து, பேமிற்றுக்காக ஆண்டுக்கணக்கில் அலைந்த குடும்பங்கள் இருக்கும் மண்ணில், ஒரு நாவலை வீட்டுக்குக் கொண்டுபோகப் பிணை தேடுவது பெரிய மலை. புத்தகம் தொலைந்தால் தொலையட்டும் என்று நான் சொல்வேன். கணக்காய்வாளர் வேறு மாதிரிச் சொல்வார்.

மல்லாவியில் ஒரு பிள்ளை இப்படி இருக்க, அதன் மச்சாளோ மச்சானோ ஸ்காபரோவில் இருக்கலாம். ரொறன்ரோ பொது நூலகத்தின் கிளைகள் பலவற்றில் 13 முதல் 19 வயது வரையானோருக்கென்று இளையோர் மையங்கள் உண்டு. முன்பதிவு வேண்டாம். கணினி, விளையாட்டு, இசைக் கருவிகள், பாடத்தில் உதவி, பசித்தால் சிற்றுண்டி. கோடை விடுமுறையில் அங்கே போகிற தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. காசுள்ள நாடு, ஒப்பிடலாமா என்று கேட்பார்கள். கணினியை விட்டுவிடுவோம். அந்த வயதுக்கென்று ஒரு மேசையை ஒதுக்கவும், மத்தியானம் வந்து இருக்கும் பிள்ளைக்கு ஒரு தேத்தண்ணியும் பணிஸும் கொடுக்கவும் கனடாவின் வருமானம் தேவையில்லை.

சரி, வரவழைத்து என்ன செய்விப்பது? இங்கேதான் வன்னிக்கு வேறெங்கும் இல்லாத ஒரு தேவை இருக்கிறது.

2009இல் பிறந்த பிள்ளைகள் இன்று பதின்ம வயதினர். சிலர் இடம்பெயர்ந்தோருக்கான மெனிக் பாம் முகாமில் தவழ்ந்தவர்கள். அவர்களின் வீடுகளில் பழைய அலுமாரி இல்லை, அல்பம் இல்லை, தாத்தாவின் புத்தகக் கட்டு இல்லை. இடம்பெயரும்போது கொண்டுவர முடிந்தது பொலித்தீனில் சுற்றிய ஒரு பை: பிறப்பு அத்தாட்சி, காணிப் பேமிற், பெறுபேற்றுத் தாள், தப்பிய ஒன்றிரண்டு படங்கள். நூலகங்களும் அதே கதைதான். சண்டை முடிந்தபின் மறுபடி தொடங்கியவை. தென்னிந்தியாவில் அச்சான புத்தகங்கள் இராக்கைகளை நிறைத்தன. அந்த ஊரைப் பற்றிய இராக்கை காலியாகவே நிற்கிறது.

அதை நிரப்பும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்கலாம். செத்தவீட்டு முப்பத்தோராம் நாளில் அச்சடித்துக் கொடுக்கும் கல்வெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் அதை வாங்கி வந்து சாமித்தட்டில் வைத்து மறந்துவிடுகிறோம். அதில் வம்சாவழி இருக்கிறது, பிறந்த ஊர் இருக்கிறது, யாழ்ப்பாணத்துத் தீவிலிருந்தோ மலையகத்திலிருந்தோ எப்போது வன்னிக்கு வந்தார்கள் என்ற விவரம் இருக்கிறது. கோயில் கும்பாபிஷேக மலர், பாடசாலை ஆண்டுவிழா மலர் ஆகியவையும் அப்படித்தான். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகம் இத்தகைய நினைவு மலர்களையும் சேர்த்து வருகிறது. கைத்தொலைபேசிக் கமராவால் ஒரு கல்வெட்டை ஒழுங்காகப் படம் பிடிக்க ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு மணித்தியாலத்தில் பழக்கலாம். எந்த வீட்டில் என்ன கிடக்கிறது என்பது எந்த அதிகாரியையும்விட அந்தப் பிள்ளைக்குத் தெரியும்.

அடுத்தது குளங்கள். ஜே.பி. லூயிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி 1895இல் வவுனியா, முல்லைத்தீவுப் பகுதிகளைப் பற்றி ஒரு கைந்நூல் எழுதினார். அதில் வரும் ஊர்ப்பெயர்களையும் குளங்களையும் எடுத்துக்கொண்டு, இன்று எது இருக்கிறது, எது தூர்ந்து காடாயிற்று, எது வேறு பெயரில் அழைக்கப்படுகிறது என்று சைக்கிளில் போய்ப் பார்த்து வரைபடம் போடலாம். விசுவமடு, முத்தையன்கட்டுப் படித்த வாலிபர் திட்டங்களில் காடு வெட்டி மிளகாயும் வெங்காயமும் செய்தவர்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். முல்லைமோடியில் கோவலன் கூத்து ஆடிய அண்ணாவிமார் வீடுகளில் கொப்பிகள் தப்பியிருக்கலாம். போரைப் பற்றிய கேள்வியோடு ஒரு பிள்ளையை எந்த ஆச்சியிடமும் அனுப்பக் கூடாது. ஆச்சி தானாகச் சொன்னால் கேட்கட்டும். சொல்லாவிட்டால் குளத்தைப் பற்றிக் கேட்கட்டும்.

இதற்குள் பெரியவர்களின் பழைய வியாதி ஒன்று புகுந்துவிடக் கூடும். எல்லாவற்றையும் பண்பாடு, பாரம்பரியம் என்று கனமாக்குவது. கரம் பலகையும் சதுரங்கமும் வேண்டும். கைத்தொலைபேசியில் ஐந்து நிமிடக் குறும்படம் எடுக்கத் தெரிந்தவர் வந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். ரிக்ரொக்கில் பாட்டுக்கு வாயசைப்பவன் ஒளித்தொகுப்பைப் பாதி கற்றுவிட்டான். மீதியைக் கற்பிப்பது சுலபம். அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்கள் இருக்கின்றன. வவுனியா வளாகம் 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. பழுதான நீர்ப்பம்பியை மேசையில் பிரித்துப் போட்டுக் காட்ட ஒரு பொறியியல் மாணவன் வந்தால், ஒக்டோபர்ப் பேச்சாளர்கள் பத்துப் பேரைவிடக் கூட்டம் சேரும். முக்கியமான ஒரு நிபந்தனை: பரிசு வேண்டாம், முதலாம் இரண்டாம் இடம் வேண்டாம். மதிப்பெண் இல்லாத ஓர் இடம் இந்த வயதினருக்கு ஊரில் வேறில்லை.

பணம்? தமிழ்நாட்டில் 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்து அறவிட வழி செய்தது. நமது நூலகங்கள் சபை வருமானத்தில் வீதிக்கும் வடிகாலுக்கும் குப்பை உழவு இயந்திரத்துக்கும் போன மிச்சத்தில் வாழ்கின்றன. 2023 மார்ச்சில் கலைந்த சபைகள், 2025 மே 6ஆம் திகதித் தேர்தலுக்குப் பிறகே திரும்பி வந்தன. கரைச்சியோ துணுக்காயோ புதுக்குடியிருப்போ, எந்தச் சபையும் ஆண்டு முடிவில் வரவு செலவுத் திட்டம் போட்டாக வேண்டும். வாசிப்பு மாதச் செலவில் பொன்னாடையையும் பந்தலையும் பாதியாகக் குறைத்து அதை ஓகஸ்டுக்கு எழுதலாம். இதற்குப் புதிய சட்டமோ கொழும்பின் அனுமதியோ தேவைப்படுவதாகத் தெரியவில்லை.

ஆள் இல்லை என்ற முறைப்பாடு வரும், அது நியாயமானது. சிறிய நூலகங்களில் ஒரே ஓர் உதவியாளர்தான் கதவு திறந்து, பத்திரிகை விரித்து, பதிவேடும் எழுதுகிறார். அவர் தலையில் இன்னொரு சுமையை ஏற்ற முடியாது. கேரளத்தில் பி.என். பணிக்கர் 1945இல் 47 ஊர் நூலகங்களைச் சேர்த்து இயக்கமாக்கியபோது அவற்றை நடத்தியவர்கள் ஊர்க்காரர்கள். நமக்கும் அந்தப் பழக்கம் புதிதில்லை. சனசமூக நிலைய வாசிகசாலைகள் அப்படித்தான் நடந்தன. ஒவ்வொரு நூலகத்தின் வாசகர் வட்டத்திலும் பதினெட்டுக்குக் குறைந்த இருவருக்கு, அதில் ஒருவர் பெண் பிள்ளையாக, இடம் கொடுத்து, விடுமுறை வேலையை அவர்களே திட்டமிட விட வேண்டும். பொறுப்புக் கொடுக்க வயது போதாது, சாமான் தொலையும் என்று சபையில் யாராவது எழும்புவார்கள். சனசமூக நிலையத்தின் திறப்பு அந்தக் காலத்தில் யாருடைய காற்சட்டைப் பையில் இருந்தது என்று அவரையே கேட்டுப் பார்க்கலாம். அனேகமாக அவருடையதில்தான் இருந்திருக்கும்.